இரண்டு சதவீத ஏற்றம்

ஆறு வருடம் கழித்துத் தொலைபேசியில் காசில்தா கேட்டது
"உன் சைக்கிள் இன்னும் ஓடுமா?" என்று மட்டும்.
ஓடும் என்றேன். பொய்.
மறுநாள் சங்கிலி மாற்றினேன், இரண்டு டயரும் மாற்றினேன்.
பின் பிரேக் கம்பிக்குக் காசு போதவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஹாயெனிலிருந்து புறப்பட்டோம்.
தண்டவாளம் பிடுங்கிய பாதை.
எண்ணெய் ரயில் பாதை என்றுதான் இன்னும் சொல்கிறார்கள்.
ரயிலுக்குச் செங்குத்து ஆகாது, அதனால்
மலைதான் இறங்கி வந்து வழி விட்டிருக்கிறது:
இரண்டு சதவீத ஏற்றம்.
கண்ணுக்குத் தெரியாது.
முழங்காலுக்குத் தெரியும்.

இருபுறமும் ஆலிவ்.
முதல் ஒரு மணி நேரம் அழகு.
பிறகு ஆலிவ்.
குன்றுக்குக் குன்று சீப்பால் வகிடெடுத்தது போல என்றாள்.
முடி வெட்டிப் பிழைத்தவர்களுக்கு
எதைப் பார்த்தாலும் தலைதான்.

பதினொரு வருடம் ஒரே கடையில் நின்றோம்,
இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி.
நேருக்கு நேர் பேசியதாக நினைவில்லை.
கை கத்தரியில், கண் கண்ணாடியில்,
பேச்சு அங்கே போய் மோதித் திரும்பி வரும்.
கடையை மூடிய வாரம்
இருவர் கையெழுத்திட வேண்டிய தாளில்
என்னுடையது மட்டும் இருந்தது.
வங்கிக்கு அது போதுமாயிருந்தது.

இப்போது அவள் முன்னே, நான் பின்னே.
அவள் ஹேண்டில்பாரில் வட்டமாய் ஒரு சின்னக் கண்ணாடி,
அதில் என் ஹெல்மெட்டும் பாதி மூக்கும்.
அவள் சாயம் பூசுவதை நிறுத்தியிருந்தாள்.
கழுத்தோரம் நரை,
வெட்டியது யாரோ, கோணலாக.
இரண்டு நாள் அந்தக் கோணலையே பார்த்து மிதித்தேன்.

லூக்கேயில் பழைய ஸ்டேஷன் இப்போது சாப்பாட்டுக் கடை.
எவாரிஸ்தோ ரொட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே
வீட்டுக்காரர்கள் எங்கே என்றார்.
"ஒருவரைப் புதைத்தாச்சு, ஒருவரை அனுப்பியாச்சு" என்றாள்.
எது யாருடையவர் என்று அவர் கேட்கவில்லை.
ரொட்டி இன்னும் இரண்டு துண்டு வந்தது.

நான்காம் நாள் பாதை இல்லை.
லாரிகள், புழுதி, எதிர்காற்று.
விடுதியில் அவள் குறட்டை.
கடன் பற்றி ஒரு வார்த்தை இல்லை,
முட்டிக்குத் தைலம் மட்டும் கடன் வாங்கினாள்.

ஐந்தாம் நாள், ஒல்வேரா.
அங்கிருந்து போகும் பாதையில் ரயில் ஓடியதே இல்லை.
மலையைக் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள்,
ஸ்டேஷனுக்கு ஓடும் வேய்ந்தார்கள்.
பிறகு பணம் தீர்ந்தது, போர் வந்தது.
முப்பது சுரங்கம், ஒரு விசில்கூடக் கேட்காமல்.

எத்தனையாவது சுரங்கம் என்று நினைவில்லை.
இறக்கம். என் பிரேக் பிடிக்கவில்லை.
கண்ணாடியில் பார்த்துவிட்டாள் போல, ஒதுங்கினாள்,
நானும் அதே பக்கம் ஒதுங்கினேன்.
இரண்டு சைக்கிளும் நாலு முட்டியும் ஒரே குவியலாக.
முதலில் சிரித்தது அவள்தான்.
அப்புறம் அடங்கிவிட்டோம்.
அங்கே ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும்.
அது அணைந்தது.

"அன்றைக்கு நான் வந்தேன்," என்றது இருட்டு.
"வங்கிக்கு எதிரே காரில் இருந்தேன்.
நீ படியில் நின்று கடிகாரம் பார்த்ததையும் பார்த்தேன்.
ஷட்டர் இறங்கும்வரை
எஞ்சினை அணைக்கவேயில்லை."

நான் எழுந்திருக்கலாம்.
கையை நீட்டினால் வெளிச்சம் வந்துவிடும்,
அவள் முகம் தெரியும், என் முகமும்.
அசையாமல் இருந்தேன்.
அவளும்தான்.
எங்கோ நீர் சொட்டியது.
தொடையில் ஒரு கல் குத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் விளக்கை எரிய வைத்தது எதிரே வந்த ஒரு பையன்,
மணியடித்து,
"செத்துட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டு.

வெளியே பாறை உச்சியில் கழுகுகள்
எங்களை ஒருமுறை வட்டமிட்டு, வேண்டாமென்று போயின.
உடைந்த கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.
இப்போது பேச வேண்டுமென்றால்
கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.
திருப்பினாள், இரண்டு முறை,
குழி இருக்கிறது, பார் என்று சொல்ல.

கொரிப்பேயில் இரண்டு பீர்.
இருபது யூரோ நோட்டை அவள் வைத்தாள்,
நான் தடுக்கவில்லை.
வந்த மீதியில் ஒரு நோட்டை மடித்து எடுத்துக்கொண்டாள்.
சில்லறையை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாள்:
"முதல் தவணை."

நாலு யூரோ அறுபது.
எடுத்துக்கொண்டேன்.
பிரேக் கம்பி ஆறு யூரோ.